ஈர மூட்டை

மாவு மில்லில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. தராசு என்றுதான் கூப்பிட்டார்கள். லாரியிலிருந்து தானிய மூட்டையைத் தோளில் வாங்கி நாலடி நடப்பதற்குள் அது சரியான எடையா, குறைச்சலா, கூடுதலா என்று சொல்லிவிடுவான். எடை மெஷின் பக்கத்தில் நிற்கும் மேஸ்திரி முதலில் சிரித்தார், அப்புறம் சந்தேகப்பட்டார், கடைசியில் மெஷின் மக்கர் பண்ணும் நாட்களில் "டேய் தராசு, நீ சொல்றா" என்று அவன் வாயைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கூலி மட்டும் மற்ற லோடுமேன்களுக்கு என்னவோ அதேதான்.

அவன் தோளுக்கு இன்னொரு வித்தையும் தெரியும். தானியம் அனுப்புகிற தரகர்களில் சில பேர், எடை கூடட்டும் என்று மூட்டைக்குள் தண்ணீர் தெளித்து அனுப்புவார்கள். மேலே தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தராசு தோளில் வாங்கியதும் முகத்தைச் சுளிப்பான். "மேஸ்திரி, இது ஈர மூட்டை. வெயிட்டு இருக்கு, சரக்கு இல்ல" என்பான். அவிழ்த்துக் கொட்டினால் நடுவில் சொதசொதவென்று இருக்கும். உடனே முற்றத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் எடை இறங்கும். இறங்கின அளவுக்கு நல்ல தானியத்தைப் போட்டு, அன்றைக்கே சாக்கை வாய்வரைக்கும் நிரப்பித் தைத்துவிடுவார்கள். காயவை, நிரப்பு, தை. ஈர மூட்டைக்கு அந்த மில்லில் தெரிந்த வைத்தியம் அதுதான்.

மில்லின் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒற்றை அறைகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில்தான் அவனும் அவன் மனைவியும் ஒரு பெண் பிள்ளையோடும் ஒரு கைக்குழந்தையோடும் குடியிருந்தார்கள். மில் ஓடுகிற நேரமெல்லாம் சுவர் அதிரும், மாவுத் தூசு கூரை இடுக்கு வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த வரிசையில் எல்லோருக்கும் தலை நரைத்தாற்போலத்தான் இருக்கும், நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும்கூட.

பெண்ணுக்கு மூன்று வயது. பேச்சு வந்ததும் அவள் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை 'இன்னும்'. அம்மா, அப்பா எல்லாம் அதற்குப் பிறகுதான். கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, அதைக் கவிழ்த்துத் தரையில் தட்டி, "இன்னும்" என்பாள். பக்கத்து அறைத் தையல்காரி அக்கா, "இவளைக் கட்டிக்கப் போறவன் சொந்தமா ஒரு மில்லு வச்சிருக்கணும்டி" என்று கேலி பண்ணுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளுடைய அம்மாவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே பானையைச் சாய்த்து, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பாள்.

தம்பி பிறந்ததும் தாய்ப்பால் அவனுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் அவளுக்கு மாவுக் கஞ்சிதான். மில் தரையில் சிந்திய மாவைக் கூட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி பெரிய மனது பண்ணி லோடுமேன்களை அனுமதித்திருந்தார். அதை வீட்டில் சலித்து, தண்ணீர் தாராளமாக விட்டு, உப்புப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். காலையிலும் அதுதான், ராத்திரியிலும் அதுதான். பருப்பு என்பது கூலி வந்த அன்றைக்கு. பாலும் முட்டையும் அந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி. ஊர் சாப்பிடுவதையெல்லாம் தோளில் சுமக்கிறவன் வீட்டில் இப்படியா என்று கேட்டால், ஆமாம், அப்படித்தான். சுமக்கத்தான் கூலி கொடுத்தார்கள்.

மழை ஓய்ந்த சமயத்தில் பெண் சதை போட ஆரம்பித்தாள். முதலில் கன்னம் உப்பியது. அப்புறம் கை, கால். கண் இடுங்கிப்போகும் அளவுக்கு முகம் வட்டமானது. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு அவளைக் கிள்ளிக் கொஞ்சினார்கள்.

"என்னடி போடுற பிள்ளைக்கு? பூசணிக்கா மாதிரி ஆயிட்டாளே!" என்றாள் தையல்காரி.

"எல்லாம் அதே கஞ்சிதான் அக்கா."

"சும்மா சொல்லாத. எங்களுக்குத் தெரியாம ஏதோ வாங்கிப் போடுற. சரி சரி, கண்ணு பட்டுடப் போவுது."

அன்றிலிருந்து அவளுக்குப் பூசணி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. தராசுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால், அவளை மூட்டையைப் போலத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பான். அவனுடைய தோள் பொய் சொல்லாது. வாரத்துக்கு வாரம் அவள் கனத்துக்கொண்டுதான் வந்தாள். மில்லில் அவனோடு மூட்டை பிடிக்கும் நெட்டையிடம், "எம்பொண்ணு ஏறிக்கிட்டே போறாடா. இன்னும் கொஞ்ச நாள்ல தூக்க ரெண்டு ஆள் வேணும்" என்று பீற்றிக்கொண்டான்.

அவள் முன்னைப் போலத் துறுதுறுவென்று இல்லை. உட்கார வைத்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். கிண்ணத்தில் பாதிக் கஞ்சியை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள். 'இன்னும்' என்று கேட்பதே நின்றுபோனது. பெரிய பொண்ணாயிட்டா, சமத்தாயிட்டா என்றார்கள். அவள் தலைமுடி வெளிறிச் செம்பட்டையாகிக்கொண்டு வந்தது. மாவுத் தூசுதான் இப்படிப் படிந்துவிட்டது என்று அம்மா தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். போகாத தூசைக் கண்டு தூசைத்தான் திட்டினாள்.

இத்தனை பேர் பார்த்தார்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்த வரிசையில் நிஜமாகவே கொழுகொழுவென்று இருந்த பிள்ளையை யார் பார்த்திருக்கிறார்கள், இது வேறு என்று கண்டுபிடிப்பதற்கு? தேடிப் போய் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்கச் சுகாதார நர்ஸ் வந்த அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. தம்பிக்கு மருந்து விட்டு முடித்ததும், அம்மா பெருமை தாங்காமல் பெண்ணையும் தூக்கிவந்து காட்டினாள். நர்ஸ் சிரிக்கவில்லை. பிள்ளையின் பாதத்தைக் கையில் எடுத்து, பெருவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் அந்த இடத்தில் குழி அப்படியே இருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"எது சிஸ்டர்? நல்லா உடம்பு வச்சிருக்கா..."

"இது உடம்பு இல்லம்மா, தண்ணி. சத்து இல்லாம உடம்பெல்லாம் நீர் கோத்துக்கிட்டு இருக்கு. வீங்கிப் போயிருக்கா பிள்ள. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

மனைவி அழுதுகொண்டு மில் வாசலுக்கு ஓடிவந்து சொன்னபோது தராசு நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, மாவு படிந்த தன் பெருவிரலை மகளுடைய காலில் வைத்து அழுத்தினான். எடுத்தான். குழியைப் பார்த்தான். "ஈர மூட்டை" என்றான். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். ஊரான் வீட்டு மூட்டையில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தால் கண்டுபிடிக்கிற தோள் அது. தினமும் அதன் மேலேதான் அவள் ஏறிப் போய் வந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் ஒரு கட்டில் கிடைத்தது. அம்மா கைக்குழந்தையோடு அங்கேயே தங்கினாள். ஆண்களுக்குச் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் அனுமதி. பூசணிக்குச் சின்ன டம்ளரில், அளந்து, ஏதோ ஒரு பாலை நேரம் தவறாமல் கொடுத்தார்கள். இரண்டு மிடறில் தீர்ந்துவிடும். வேறு எதுவும் வாயில் வைக்கக் கூடாது என்றார்கள்.

அவன் ஒவ்வொரு சாயங்காலமும் வந்து பார்த்தான். ஒவ்வொரு சாயங்காலமும் மகள் கொஞ்சம் குறைந்திருந்தாள். உப்பிய முகம் வடிந்தது. கால் வீக்கம் போய் எலும்பு தெரிந்தது. நெஞ்சில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. இப்படி ஒரு பிள்ளை உள்ளே ஒளிந்திருந்தாள் என்பதை அவன் அப்போதுதான் பார்த்தான்.

"சிஸ்டர், எடை இறங்கிக்கிட்டே போவுதே?"

வார்டு சிஸ்டர் ஒரு கையில் டம்ளர்களும் மறு கையில் அழுகிற வேறொரு பிள்ளையுமாக நின்றாள். "இறங்கணும்ங்க. தண்ணி வடியுது. நல்லதுதான்."

அவனுக்கு மூச்சு வந்தது. ஆமாம், காய்ந்தால் எடை இறங்கத்தானே செய்யும்! இது தெரியாதவனா அவன்? பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அப்பாவிடம்கூட அதை விளக்கிச் சொன்னான்.

வீக்கம் முழுக்க வடிந்த அன்றைக்கு அவன் கட்டிலருகே வந்தபோது, மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கையில் காலி டம்ளர். அதைக் கவிழ்த்துக் கட்டில் கம்பியில் தட்டினாள்.

"இன்னும்" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிஸ்டருக்கும் சந்தோஷம். "பசி வந்திடுச்சு பாருங்க, பிழைச்சுக்குவா. ஆனா அவசரப்படக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும்" என்றாள். அதற்குள் யாரோ கூப்பிட, ஓடிவிட்டாள். ஏன் என்று சொல்ல அவளுக்கு நேரமில்லை. அத்தனை கட்டிலுக்கும் அவள் ஒருத்திதான்.

"பசிச்சு அழறாங்க" என்றாள் மனைவி. "பாக்க முடியல. ஆனா அடம் பிடிச்சாலும் குடுக்கக் கூடாதாம். சிஸ்டர் கண்டிஷனா சொல்லிட்டாங்க."

அவன் தலையாட்டினான். ஆனால் மனசு ஆறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக என்று சொல்கிறவர்களை அவன் பிறந்ததிலிருந்து பார்த்து வந்திருக்கிறான். கூலியை உயர்த்தச் சொன்னால் மேஸ்திரி அப்படித்தான் சொல்வார். வீட்டுக்காரன் கூரையை மாற்றித் தரச் சொன்னால் அப்படித்தான் சொல்வான். கொடுக்க மனசில்லாதவன் வாயில்தான் அந்த வார்த்தை வரும் என்பது அவன் கண்ட அனுபவம். இந்த ஆஸ்பத்திரியிலும் பால் தட்டுப்பாடாக இருக்கும், அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்தான். ஈரம் காய்ந்துவிட்டது. இனி நிரப்ப வேண்டியதுதானே?

மில்லில் லோடுமேன்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒருத்தன் வீட்டில் ஆஸ்பத்திரி என்று வந்துவிட்டால், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு மூட்டைக் கூலியை எடுத்துக் கொடுப்பார்கள். மறுநாள் நெட்டை அதை ஒரு துணியில் முடிந்துகொண்டுவந்து அவன் கையில் திணித்தான். "பிள்ளைக்கு நல்லதா வாங்கிக் குடுறா" என்றான். ஒரு வருஷமாக இப்படிக் காசு வந்துகொண்டிருந்தால் அவளுக்கு ஆஸ்பத்திரியே தேவைப்பட்டிருக்காது. ஆனால் ஏழைக்குக் காசு அப்படி வராது; படுத்த பிறகுதான் வரும்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் சூடான சோறு, கெட்டிப் பருப்பு, அவித்த முட்டை வாங்கினான். பொட்டலத்தைத் துண்டில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தான். வயிற்றில் சுட்டது, பொறுத்துக்கொண்டான்.

"வந்துட்டீங்களா? இவளைப் பாத்துக்குங்க. தம்பி துணியெல்லாம் நனைச்சு வச்சிருக்கேன், குழாயில அலசிட்டு வந்திடுறேன்" என்று மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். சிஸ்டர் வார்டின் அந்தக் கோடியில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் வார்டுக்கு முதுகைக் காட்டி, மகளை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வாசனை வந்ததுமே அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

சோற்றில் பருப்பை விட்டுக் குழையப் பிசைந்தான். முட்டையை நசுக்கிக் கலந்தான். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரலால் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து ஊட்டினான்.

"இன்னும்."

"இந்தா."

"இன்னும்."

"இந்தா கண்ணு. எவ்வளவு வேணும், கேளு. அப்பா இருக்கேன்."

அவள் கேட்கக் கேட்கக் கொடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, இல்லை என்று சொல்லாமல் கொடுத்தான். அப்பனாக இருப்பதன் சுகம் இதுதானா என்று அவனுக்குத் தோன்றியது. இதைப் போய் இத்தனை நாள் எல்லோரும் அவனுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்களே என்று கோபமும் வந்தது. பொட்டலம் அடிமட்டத்துக்கு வந்தபோது, அவள் அவன் கையைத் தள்ளினாள்.

"போதும்" என்றாள்.

அவனுக்குக் காதில் விழுந்தது நிஜமா என்று சந்தேகம். "என்னம்மா?"

"போதும்ப்பா." வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். பிறகு அந்தக் கையை எடுக்காமலேயே படுத்துத் தூங்கிப்போனாள். அவன் அவள் வாயைத் துடைத்துவிட்டான். மிச்சத்தைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். மனைவி வந்தபோது சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. வேண்டாம், நாளைக்கு எடை ஏறினதும் சொல்லி அசத்தலாம் என்று அடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

காலையில் மில்லில் முதல் வேலையாக நெட்டையிடம் சொன்னான். "போதும்னாடா! எம்பொண்ணு!"

"அடப்பாவி, நிஜமாவா?" நெட்டை லாரி மேலே நின்றுகொண்டு சிரித்தான். "கெட்டுப்போச்சு போ. மில்லு வச்சிருக்கிற மாப்பிள்ள இனிமே வேணாம்!" எல்லோரும் சிரித்தார்கள். ஆளுக்கு ஒரு மூட்டைக் கூலி கொடுத்தவர்கள் அவர்கள். அந்தச் சிரிப்பில் எல்லோருக்கும் பங்கு இருந்தது.

வெயில் ஏறுவதற்கு முன்னால் மேஸ்திரியின் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு அவர் முற்றத்தைக் கடந்து வந்தார். அவன் தோளில் மூட்டை இருந்தது. அவர் டேய் என்று கூப்பிடவில்லை. தராசு என்றும் கூப்பிடவில்லை.

"தம்பி" என்றார். "எறக்கு." அவரே கை கொடுத்து அந்த மூட்டையை அவன் தோளிலிருந்து இறக்கினார். அதற்கு முன்னால் அவர் மூட்டையைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

விடியற்காலையில் பிள்ளைக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்திருக்கிறது. என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். அவன் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். வெளியே டாக்டரம்மா அவன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"வாந்தியில சோறு இருந்ததும்மா. நீங்க குடுத்தீங்களா? சொல்லுங்க."

"சத்தியமா இல்லம்மா! நான் ஒண்ணுமே குடுக்கல. அவ அழுதப்பக்கூட நான் குடுக்கல. சிஸ்டர், நீங்களாச்சும் சொல்லுங்க சிஸ்டர்!"

சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வார்டில் மற்ற அம்மாக்களும் அவளையே பார்த்தார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள், கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு, திருட்டுப் பட்டம் கட்டப்பட்டவளைப் போல ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் குடுத்தேன்" என்றான் தராசு.

டாக்டரம்மா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெஞ்சில் உட்கார வைத்து, மெதுவாகச் சொன்னாள். "ரொம்ப நாள் சத்தில்லாம கெடந்த உடம்புங்க. வெளிய கை கால் மெலிஞ்ச மாதிரியே உள்ள இதயமும் மெலிஞ்சு போயிருக்கும். ஒரேயடியா அவ்வளவு சாப்பாடு வந்தா அதால தாங்க முடியாது. அதனாலதான் கொஞ்சம் கொஞ்சமா குடுத்தோம். இதை உங்களை உட்கார வச்சு முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"காஞ்சுட்டா ரொப்பிடலாம்னு நெனச்சேன்மா" என்றான் அவன். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

மனைவி கைக்குழந்தையைப் பெஞ்சில் கிடத்தினாள். வந்து அவனை அடித்தாள். இரண்டு கையாலும், அந்தத் தோளிலேயே, குத்திக் குத்தி அடித்தாள். அவன் நகரவில்லை. கை ஓய்ந்ததும் அவள் அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் கேட்டாள்.

"என்ன குடுத்தீங்க?"

"சோறு. பருப்பு. முட்டை."

"முட்டை முழுசாவா?"

"முழுசா."

"தின்னாளா?"

"தின்னா. இன்னும் இன்னும்னு கேட்டா. கேட்டப்பெல்லாம் குடுத்தேன்."

"அப்புறம்?"

"போதும்னா" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "யாரு, நம்ம பொண்ணா?"

"ம்."

"போதும்னா?"

"வயித்தைத் தொட்டுக் காட்டிச் சிரிச்சா."

ஆஸ்பத்திரி வண்டிக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். அவன் வேண்டாம் என்றுவிட்டான். துணியில் சுற்றிய மகளை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். எடை தெரியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். தோள் அதன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. மனைவி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனோடு கூடவே வந்தாள். தெருமுனை திரும்பியதும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன சொன்னா? திருப்பிச் சொல்லுங்க."

"போதும்னா."

நாலடி நடந்தார்கள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"போதும்ப்பான்னு சொன்னா."

மில் சுவர் தெரிகிறவரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். அவனும் ஒவ்வொரு தடவையும் சொன்னான்.